கடைசி ஆளுக்குக் கடைசிச் சட்டி

ஆனைகட்டாப்பட்டிக்கு எப்படிப் போவது என்று அந்த ஊர்க்காரரிடமே கேட்டால், "நாங்க போனதில்லைங்க, இங்கேயேதான் இருக்கோம்" என்பார். பொய் சொல்லத் தெரியாத ஊர். சொன்னதைச் சொன்னபடியே செய்கிற ஊர். 'பேருந்து இங்கே நிற்கும்' என்று சாலையோரம் பலகை வைத்த அன்றைக்கு, வந்து நின்ற பேருந்தை அவர்கள் கிளம்பவே விடவில்லை. டிரைவர் அழுத பிறகுதான், இரக்கப்பட்டு, பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வண்டியை விட்டார்கள்.

அந்த ஊரில் கயிறு இழுக்கிற அணி ஒன்று உண்டு. எட்டுப் பேர். தலைவர் சடையாண்டி. "மழை வரும்போல இருக்கு" என்பதைக்கூட மீசையைத் தடவிக்கொண்டு தீர்ப்பு மாதிரிதான் சொல்வார். அவருக்கு வலது கை அழகுமலை. இவன் பேசுவதை வாசிக்கும்போது நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் குரல் சரியாக வரும். கயிற்றின் கடைசியில் நிற்பவன் மொக்கச்சாமி. ஆட்டுரலுக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பான். மற்ற ஐந்து பேரும் இந்த மூவர் சொல்வதற்குத் தலையாட்டுகிறவர்கள். தலைதான் முக்கியம், பெயர் எதற்கு?

காணும் பொங்கல் போட்டிக்குப் பரிசு ஒரு செம்மறிக் கிடா. வருஷா வருஷம் அதைப் பக்கத்து ஊர்ப் புளியங்காட்டூர்க்காரர்களே ஜெயித்தார்கள். ஜெயித்தவர்கள் நேராக வீட்டுக்குப் போகலாம் இல்லையா? மாட்டார்கள். கிடாவுக்கு மாலை போட்டு, ஆனைகட்டாப்பட்டித் தெரு வழியாக ஓட்டி, வாசலுக்கு வாசல் நிறுத்துவார்கள். "நல்லாப் பாத்துக்கங்கப்பா! இனி அடுத்த வருஷம்தான் பாக்க முடியும்!"

பொறுத்துப் பார்த்த ஊர்க்கூட்டம் சொல்லிவிட்டது. இந்தத் தடவையும் தோற்றால் அணியைக் கலைத்துவிட்டுக் கயிற்றைக் கிணற்று வாளிக்குக் கொடுத்துவிட வேண்டும். சடையாண்டிக்கு அந்தக் கயிறு பெற்ற பிள்ளை மாதிரி. வாளியை நினைத்தாலே கண் கலங்குவார்.

அதனால் போட்டிக்கு முந்தின நாள் மதியம் அணிக்குக் கோழிக் குழம்பு வைத்தார்கள். இதில் ஒரு வழக்கம் இருந்தது, கடைசி ஆளுக்குக் கடைசிச் சட்டி. எல்லாரும் தின்று மீந்ததைப் போட்டியன்று காலையில் கயிற்றின் கடைசி ஆள்தான் தின்ன வேண்டும்.

"மாமா, சட்டியை மூடி வைப்போமா?" என்றான் அழகுமலை. (மூக்கு!)

சடையாண்டி மீசையைத் தடவினார். "மூடினா, எவனாவது அள்ளித் தின்னாலும் தெரியாது. திறந்து வை. ஊரே பாக்கட்டும்."

ஊர் பார்த்தது. ஈக்களும் வந்து பார்த்தன.

"மாமா, ஈயா மொய்க்குதே!"

"மொய்க்கட்டும்டா. இத்தனை ஈ காவல் இருந்தா எவன் கை வைப்பான்?"

மறுநாள் விடிந்ததும் மொக்கச்சாமி மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிவிட்டு நேராக வந்து சட்டி முன்னால் உட்கார்ந்தான். குழம்பைச் சூடு பண்ணவில்லை.

"கையைக் கழுவிட்டு உக்காரலாம்ல?" என்றார் சடையாண்டி.

"தின்னா எப்படியும் அழுக்காகும் மாமா. மொத்தமா அப்புறம் கழுவிக்கிறேன்."

அவனுடைய சிக்கனத்தை எல்லாரும் மெச்சினார்கள். வயிறு முட்டத் தின்றும் சட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் மொக்கச்சாமியின் வயிற்றுக்குள் யாரோ உறுமி வாசிக்கத் தொடங்கினார்கள். முதலில் வாந்தி. அப்புறம் கக்கூஸுக்கு ஓட்டம். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடியும் ஓட்டம். அணி கூடி ஆலோசித்தது.

"மேலயும் போகுது, கீழயும் போகுது. அப்ப ரெண்டு வியாதி" என்றார் சடையாண்டி.

"ரெண்டையும் ஒருத்தனே வச்சுக்கணுமா மாமா? ஒண்ணை நான் வாங்கிக்கிறேனே" என்றான் அழகுமலை.

"கண்ணு பட்டிருக்கும்டா. குழம்பைப் பாத்த கண்ணு."

"குழம்பை ஊரே பாத்துச்சே!"

"அப்ப ஊருக்கே சுத்திப் போடணும்."

"அவ்வளவு மிளகாய்க்கு எங்க போறது மாமா?"

மிளகாய்க்கு வழி தெரியாததால் நர்சம்மாவைக் கூப்பிட்டார்கள். நர்சம்மா எஸ்தர் பேசினால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கும். அடுத்து வருவதை மூச்சு விடாமல் வாசியுங்கள்.

"நேத்து வச்ச குழம்பு ராத்திரி பூரா திறந்து கிடந்து ஈ மொய்ச்சு அதைச் சூடும் பண்ணாம சாணிக் கையோட தின்னா வயிறு சும்மா இருக்குமா, கிருமி உள்ள போனா வயித்தைப் பிசையும் வாந்தி வரும் பேதி போகும் காய்ச்சலும் வரும், இதுல உடம்புத் தண்ணி வத்துறதுதான்டா பெரிய ஆபத்து, இந்தா உப்புச் சர்க்கரைப் பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆற வச்சு முழுப் பொட்டலத்தையும் கரைச்சு அவன் போயிட்டு வர்றப்பல்லாம் ஒரு டம்ளர் கொஞ்சம் கொஞ்சமாக் குடு, நாக்கு வறண்டாலோ கண்ணு குழி விழுந்தாலோ ஒண்ணுக்குப் போகலைன்னாலோ ரத்தம் போனாலோ பேச்சு குழறினாலோ இந்தா இப்படித் தோலைக் கிள்ளி விட்டா படியாம நின்னாலோ, யோசிக்காமத் தூக்கிட்டு வந்துரு, சாப்பாட்டை மூடி வை, எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க!"

சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் பறந்துவிட்டார். அணி ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். கொதித்தது. எப்போது இறக்க வேண்டும் என்று நர்சம்மா சொல்லவில்லை. அதனால் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பாத்திரத்தில் ஒன்றும் இல்லை.

"குடிச்சது யாருடா?" என்றார் சடையாண்டி. எல்லாரும் தாங்கள் இல்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணினார்கள்.

இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாக, வீட்டில் இருந்த குடம், அண்டா, தவலை அத்தனையிலும் இருந்த தண்ணீரையும் அடுப்பில் ஏற்றினார்கள். கொதித்ததும் ஒரு லிட்டரை மட்டும் இறக்கி, ஆற வைத்து, பொட்டலத்தைக் கரைத்தார்கள். அதன் பிறகு நடந்ததுதான் கவனிப்பு. மொக்கச்சாமி கக்கூஸ் போய் வந்தான், ஒரு டம்ளர். கொடிக்கயிற்றில் துண்டு எடுக்கப் போய் வந்தான், ஒரு டம்ளர். பரிசுக் கிடாவைப் பார்க்கப் போய் வந்தான், அதற்கும் ஒரு டம்ளர்.

"மாமா, நான் கிடாவைப் பாக்கத்தான் போனேன்!"

"போயிட்டு வந்தியா இல்லையா? குடி."

பொட்டலம் தீரத் தீர அழகுமலை ஓடி வாங்கி வந்தான். மதியத்துக்குள் வாந்தி நின்றுவிட்டது. உறுமி மட்டும் எப்போதாவது ஒரு தட்டுத் தட்டியது.

பாக்கி இருந்தது கிள்ளிப் பார்க்கிற வேலை. அழகுமலை மொக்கச்சாமியைக் கிள்ளினான். தோல் பட்டென்று படிந்தது.

"இவன் நல்லாத்தான் இருக்கான் மாமா."

"அப்ப வேற எவனோ நல்லா இல்லைடா" என்றார் சடையாண்டி. "தேடு."

தெருவோடு கிள்ளிக்கொண்டே போனார்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து அப்போதுதான் வீரணத் தாத்தா எழுந்தார். வயது எண்பதுக்கு மேல், பல் ஒன்றுகூடக் கிடையாது. அழகுமலை அவர் கையைக் கிள்ளி விட்டான். கிள்ளின தோல் கூடாரம் மாதிரி நின்றது.

"ஆத்தாடி! மாமா, இங்க இருக்கு!"

"ஹேய், விடுங்கஹா! என்னஹா பண்றீங்க?" என்றார் தாத்தா.

"பேச்சு குழறுது" என்றார் சடையாண்டி. "கண்ணைப் பாரு."

"குழிக்குள்ளதான் மாமா இருக்கு."

"நாக்கு?"

"கத்திக் கத்தி வறண்டு கிடக்கு."

"தாத்தா, ஒண்ணுக்குப் போனீங்களா?"

"போகத்தானஹா எந்திரிச்சேன், எங்க விட்டீங்க!"

"போகலையாம்!" என்று அழகுமலை அலறினான். எல்லாரும் சடையாண்டியைப் பார்த்தார்கள்.

"நர்சம்மா யோசிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார் அவர்.

அதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. தாத்தாவைக் கட்டிலில் போட்டுத் துண்டால் கட்டித் தூக்கினார்கள். ஊரிலேயே பலசாலி மொக்கச்சாமிதான் என்பதால் முன்பக்கத்தை அவனே தூக்கினான். வழியில் ஒரு தடவை கட்டிலை இறக்கிவிட்டுப் புதருக்குப் போய் வந்தான். ஒரு டம்ளர் கொடுத்தார்கள்.

சுகாதார நிலைய வாசலில் நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டார். "எவனுக்குடா வியாதி?"

கட்டில் காலைப் பிடித்திருந்த மொக்கச்சாமி, இன்னொரு கையை மரியாதையாகத் தூக்கினான்.

நர்சம்மா தாத்தாவை அவிழ்த்து விட்டார். தாத்தா ஓடின வேகத்தைப் பார்த்து, சரியான நேரத்தில் கொண்டுவந்தோம் என்று அணி மகிழ்ந்தது. மொக்கச்சாமியைச் சோதித்த நர்சம்மா, "தண்ணி நல்லா ஏறியிருக்கு, பொழச்சே. ஆனா வயிறு இன்னும் அடங்கலை. ஓய்வெடு. இன்னிக்குக் கயிறு மேல கை வச்சேன்னு தெரிஞ்சுச்சு, அந்தக் கையை ஒடிச்சுருவேன்!" என்றார்.

திரும்பி வரும்போது சடையாண்டியின் கண்ணில் வாளி வந்து வந்து போனது. வேப்பமரத்தடியில் அணி மறுபடியும் கூடியது.

"கை வைக்கக் கூடாது, அவ்வளவுதானே?" என்றார் சடையாண்டி. "இடுப்பைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"இடுப்பைப் பத்திப் பேச்சே எடுக்கலை மாமா. ஆனா ஓய்வெடுன்னாங்களே?"

"ஓய்வுன்னா என்ன? சும்மா இருக்கிறது. கடைசி ஆள் என்னடா பண்றான்? சும்மாதானே நிக்கிறான்?"

ஐந்து தலைகள் ஆடின. கயிற்றின் நுனியை மொக்கச்சாமி இடுப்பில் முடிச்சுப் போட்டுவிடுவது என்று தீர்மானமானது.

"கை கழுவுறது பாக்கி இருக்கே மாமா" என்றான் அழகுமலை. எல்லாரும் சோப்பை எடுத்தார்கள். அப்போது அவனுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. "கழுவின கையால கயிறைத் தொட்டா, கயிறு அழுக்கு கையில ஒட்டிக்குமே?"

சடையாண்டி அசந்துபோனார். "உனக்கு மூளைடா! கயிறுக்கும் போடு சோப்பு."

தங்கள் பக்கத்துக் கயிறு முழுக்க, நுரை பொங்கப் போட்டார்கள். அலசத் தண்ணீர்? அத்தனையும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. நுரையோடு களத்துக்குப் போனார்கள்.

புளியங்காட்டூர்த் தலைவன் மொக்கச்சாமியின் இடுப்பைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "என்னப்பா, ஆளைக் கட்டி இழுத்துட்டு வந்திருக்கீங்க? ஓடிருவான்னு பயமா?"

நடுவர் விசில் அடித்தார். மொக்கச்சாமி, கயிற்றில் தப்பித் தவறிக்கூடப் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான். புளியங்காட்டூர் ஒரு இழுப்பு இழுத்தது. அவ்வளவுதான். சோப்புக் கயிறு எல்லார் கையிலிருந்தும் மீன் மாதிரி நழுவ, ஏழு பேரும் வரிசையாகப் பொத்தென்று உட்கார்ந்தார்கள். நின்றது மொக்கச்சாமி மட்டும். அவனும் கும்பிடுகிற மாதிரி கையைத் தூக்கியபடி, குதிகால் மண்ணைக் கிழிக்க, கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"மொக்கை, வாளிடா! வாளி!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கதறினார் சடையாண்டி.

எதிர் அணி இழுக்க இழுக்கக் கயிறு அவன் வயிற்றை இறுக்கியது. இறுக்க இறுக்க உள்ளே இருந்த உறுமிக்காரன் விழித்துக்கொண்டான். மொக்கச்சாமியின் முகம் மாறியது.

"மாமா... வருது!"

"யாருடா?"

பதில் சொல்ல அவனுக்கு நேரமில்லை. திரும்பினான். களத்துக்குப் பின்னால் பஞ்சாயத்துக் கக்கூஸ் இருந்தது. ஓடினான். எட்டு ஆட்கள் இழுத்து நிறுத்துகிற ஓட்டமா அது? புளியங்காட்டூர் மொத்தமும் குப்புற விழுந்து, கயிற்றை விட மனசில்லாமல், புழுதி பறக்க அவன் பின்னாலேயே கோட்டைத் தாண்டி, பார்வையாளர்களைத் தாண்டி, கரும்புச்சாறு வண்டியையும் தாண்டிப் போய்க் கக்கூஸ் வாசலில் குவிந்தது. கதவு சாத்திக்கொண்டது. நடுவர் மூச்சிரைக்க ஓடிவந்து, அந்த வாசலிலேயே கொடியை ஆட்டினார். கிடா ஆனைகட்டாப்பட்டிக்கு!

"யோவ், கயிறை அவுத்து விடுய்யா! என் காலைச் சுத்தியிருக்கு!" என்று கதவைத் தட்டினான் புளியங்காட்டூர்த் தலைவன்.

"நான் கயிறு மேல கை வைக்கக் கூடாதுங்க!" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "நர்சம்மா உத்தரவு!"

சடையாண்டி டம்ளரோடு வாசலில் காத்து நின்றார்.

மறுநாள் காலையில் நர்சம்மா பார்க்க வந்தபோது மொக்கச்சாமி குணமாகி ரசம் சோறு தின்றுகொண்டிருந்தான். கிடா பக்கத்தில் மாலையோடு நின்றது. அறையின் மூலையில், வாயில் துணி கட்டி, மேலே களிமண் பூசிய ஒரு சட்டி இருந்தது.

"என்னடா அது?"

"மிச்சக் குழம்புங்கம்மா" என்றார் சடையாண்டி பெருமையாக. "நீங்க சொன்னபடி மூடி வச்சாச்சு. இனி ஒரு ஈ போகாது. அடுத்த வருஷம் போட்டியன்னிக்குத்தான் திறப்போம். இவன் ஒருத்தன் தின்னதுக்கே எட்டுப் பேரை இழுத்தான். நாங்க எட்டுப் பேரும் தின்னா, புளியங்காட்டூரையே இழுத்துட்டு வந்துருவோம்ல? நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. தின்னுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவிருவோம்."

நர்சம்மா வாயைத் திறந்தார். "டே... டே... நீ... அந்த..." வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் பேச்சு வரவில்லை.

அழகுமலை எட்டிப் பார்த்தான். "மாமா, குழறுது!"

"கட்டிலைக் கொண்டா!"

"நான்தான்டா நர்சு!" என்று கட்டிலிலிருந்து கத்தினார் நர்சம்மா.

"உளற வேற ஆரம்பிச்சிட்டாங்க. வேகமாப் போங்கடா!"

ஓடினார்கள். சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தது. கட்டிலை வாசலில் இறக்கிவிட்டு, சடையாண்டி நாலா பக்கமும் பார்த்தார்.

"நர்சம்மாவைக் காணோமேடா" என்றார். பிறகு கட்டில் பக்கம் குனிந்து, டம்ளரை நீட்டினார். "கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா. அவங்க வந்ததும் முதல் ஆளா உங்களைத்தான் காட்டுவோம்."