புழுவுக்கு ஏத்த உப்பு

ஆறு கடல்ல விழுற ஒரு ஊர்ல சலேத்துன்னு ஒருத்தி இருந்தா. காலை நீட்டிப் படு. மத்தியானம் தூங்காம வெயில்ல ஆடிட்டு, அப்புறம் தலைவலின்னு என்கிட்ட வரக்கூடாது. ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

"ம்."

சலேத்துக்கு ஒரே மக, பெர்னத்து. உன் வயசுதான். அவளுக்குக் காய்ச்சல் வந்து, மருந்து குடுத்து, சூடும் இறங்கிருச்சு. ஆனா அஞ்சு நாளா ஒரு பருக்கை உள்ள போகல. எதைக் குடுத்தாலும், "மண்ணு மாதிரி இருக்கும்மா"ன்னு தள்ளிவிட்டா. கண்ணு ரெண்டும் குழி விழுந்துபோச்சு. அப்புறம் ஆறாம் நாள் அவளே, "கிழங்கான் சாறு வேணும்"னா.

கிழங்கான் கரையோரம் வர்ற மீனு. காய்ச்சக்காரங்களுக்கு நல்லது. ஆனா கடல் அடிச்சுக் கெடந்துச்சு, வள்ளம் ஒண்ணும் போகல. கரையில நின்னு தூண்டில் போட்டாத்தான் உண்டு. தூண்டிலுக்கு மணலுக்குள்ள இருக்கிற புழு வேணும். அதைத் தோண்டி விக்கிறதுதான் சலேத்து வேலை.

அவ மம்பட்டியோட, எப்பவும் தோண்டுற ஆத்துவாய்க்குப் போனா. சதக், சதக்! ஒண்ணுமில்ல. நூல் மாதிரி பொடிப்புழு நாலு நெளிஞ்சுச்சு, அது தூண்டில் முள்ளுல நிக்காது. தண்ணியில விரலை விட்டு நக்கினா. சப்புன்னு இருந்துச்சு. மழை வெள்ளம் வந்து ஆத்துத்தண்ணி நிறைஞ்சு கெடக்கு.

"பெரியம்மா, பெரிய புழு எங்க போச்சு?"

நல்ல தண்ணி பட்டா கடல் புழுவுக்கு உடம்புல தண்ணி ஏறி ஊதிரும். செத்தது பாதி, தப்பிச்சுப் போனது பாதி. குறுக்க பேசாத.

அப்போ சலேத்து உப்பளத்து வாய்க்கால் வந்து விழுற பக்கம் போனா. சதக், சதக்! அங்கயும் இல்ல. நக்கினா, நாக்கே சுருண்டுச்சு. அவ்வளவு உப்புல புழு வத்திப்போகும்ல.

அப்புறம் கரையோடவே நடந்தா. இருவது அடிக்கு ஒருக்க விரலை விடுவா, நக்குவா, தூன்னு துப்புவா. நடந்து நடந்து, கடல் எப்படிக் கரிக்குமோ அப்படிக் கரிச்ச இடத்துல நின்னா. மணல் மேல முறுக்குப் புழிஞ்ச மாதிரி குட்டிக்குட்டிச் சுருள், உள்ள இருக்கிற புழு வெளிய தள்ளின மண்ணு. சதக்! நல்ல தடிச்ச புழு. ஒரு சிரட்டை நிறைய அள்ளிக்கிட்டு வீட்டுக்கு ஓடினா. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அவ புருஷன் மிக்கேல் இருக்காரே, அரிசியையே நாலு தண்ணி கழுவுற ஆளு. சலேத்து மகளுக்கு முகம் துடைக்க உள்ள போன நேரத்துல, "பிள்ளைக்குப் போற மீனு திங்கிற புழு, சேறா இருக்கே"ன்னு அடிபம்புல தண்ணி அடிச்சு, கடக்கு கடக்குன்னு, அத்தனையையும் அலசி ஊறப்போட்டுட்டாரு! சலேத்து வந்து பாக்குறா, எல்லாம் ஊதி, வெளுத்து, செத்துக் கெடக்கு. முள்ளுல கோத்தா பொத்து பொத்துன்னு அறுந்து விழுது.

"சோப்பு போட மறந்துட்டீங்களே!"ன்னு கத்தினா. எனக்கே இப்ப சொல்லும்போது பத்திக்கிட்டு வருது.

"தெரியாமச் செஞ்சுட்டேன் சலேத்து, வா, நானே தோண்டுறேன்"னு அவரு மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினாரு. அதுக்குள்ள கடல்தண்ணி ஏறி முட்டளவு நின்னுச்சு. தோண்டத் தோண்ட மண்ணு சரியுது. ஆறே ஆறு புழு. இந்தத் தடவை அந்த இடத்துத் தண்ணியிலயே போட்டு வெச்சாங்க. நாலு புழுவை மீனு சும்மா தின்னுட்டுப் போச்சு. மிச்சம் ரெண்டுக்கு, வெடுக், வெடுக்! ரெண்டு கிழங்கான்.

அவசர அவசரமா சாறு வெச்சு, ஆத்தி, ஒரு கரண்டி மகள் வாயில ஊத்தினா. பெர்னத்து முழுங்கினா. ரெண்டாவது கரண்டி. அப்புறம் மூஞ்சியைச் சுளிச்சா. சலேத்துக்கு உசிரே போச்சு.

"அம்மா, இதுல உப்பே இல்ல."

ஆமா, போடல. பதட்டத்துல மறந்துட்டா. "நாக்குக்குத் தெரிஞ்சிருச்சா என் தங்கமே!"ன்னு மகளைக் கட்டிப்பிடிச்சு ஓன்னு அழுதா. மிக்கேல் உப்புச் சாடியைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தாரு.

சாறும் குடிச்சாச்சு, சட்டியும் கழுவியாச்சு, கதையும் தீந்தாச்சு. கண்ணை மூடு.