வைத்திலிங்கத்தின் வால்வு ஆம்ப்

பொன்மலை பிலோமினா டீச்சருக்கு முப்பத்தோரு வயது. அவரிடம் கிடார் கற்றுக்கொண்ட வைத்திலிங்கத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பாத்திரக்கடைக்காரர். குருவுக்குத் தங்கை வயது, சீடருக்கு அண்ணன் வயது என்ற இந்தத் தலைகீழ் ஏற்பாட்டில் அவர்கள் இருவருக்கும் கூச்சம் எதுவும் இல்லை. ஊருக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

வைத்திலிங்கத்துக்கு ஒரே ஒரு குறை. வாசிப்பு வந்துவிட்டது, சத்தம் வரவில்லை. "மனசுக்குள்ள ஒரு சத்தம் கேக்குது டீச்சர், வெளிய வரமாட்டேங்குது" என்று வாரம் தவறாமல் புலம்புவார். அந்தச் சத்தத்துக்காகவே கிடாரின் ஒலியைப் பெருக்கித் தரும் பழைய வால்வு ஆம்ப் ஒன்றை வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? கோயம்புத்தூரில் ஒருவரிடம் கொடுத்து வால்வுகளை மாற்றினார், டிரான்ஸ்பார்மரை மாற்றினார், ஸ்பீக்கரையும் மாற்றினார். கடைசியில் பழசு என்று மிஞ்சியது வெளிப்பெட்டியும் கைப்பிடியும்தான்.

வீட்டில் வாசித்தபோது சத்தம் ஆளை அள்ளிக்கொண்டு போனது. ஆனால் அந்த ஆம்ப் இன்னும் மேடை ஏறவில்லை.

டீச்சரின் மெல்லிசைக் குழுவுக்கு ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரி வந்தது. ஒரு பாட்டின் நடுவில் கிடார் மட்டும் தனியாகப் பேசும் இடம் இருந்தது. அதை வைத்திலிங்கத்துக்குக் கொடுத்தார் டீச்சர்.

மண்டபத்தில், பக்கத்தில் தன் கிடாரோடு இருந்த டீச்சரிடம், ஒயர்களைச் செருகிக்கொண்டே வைத்திலிங்கம் சொன்னார்:

"டீச்சர், இன்னிக்கும் அந்தச் சத்தம் வரலைன்னா நாளைக்குக் கிடாரை வித்துடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

"சரிண்ணே."

"சரிங்கறீங்களே! அது எங்கேருந்துதான் டீச்சர் வருது? வால்வுலேர்ந்தா, ஸ்பீக்கர்லேர்ந்தா?"

"முதல்ல வாசிங்க. அப்புறம் சொல்றேன்."

முதல் பாட்டிலேயே கோளாறு ஆரம்பித்தது. வீட்டுக் கூடத்தில் கம்பீரமாக இருந்த சத்தம், டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் போன இடம் தெரியவில்லை. வைத்திலிங்கம் திரும்பிக் குமிழைக் கூட்டினார். பாடிக்கொண்டிருந்த சாதிக்கின் குரல் அமுங்கிப்போனது. சாதிக் பாட்டை விடாமலே திரும்பி முறைத்தான். வைத்திலிங்கம் குறைத்தார். மறுபடி சத்தத்தைக் காணோம். இப்படியே நாலைந்து பாட்டு. சபைக்கு அவர் முகத்தைவிட முதுகுதான் அதிகம் தெரிந்தது.

கேக் வெட்டுவதற்காகக் கச்சேரியை நிறுத்தினார்கள். வைத்திலிங்கம் ஆம்பை ஸ்டாண்ட்பையில் போட்டார். வால்வுகளைச் சூட்டோடு வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் நிறுத்தும் சுவிட்ச் அது.

"அண்ணே, மிச்சப் பாட்டையும் நான் பாடணுமா? இல்ல உங்க பொட்டியே பாடிடுமா?" என்றான் சாதிக்.

வைத்திலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது ஆம்பின் முகத்தின் மேல் ஒரு பூத்துவாலை தொங்கியது. குமிழ், சுவிட்ச், விளக்கு எதுவும் தெரியவில்லை.

"யாரு டீச்சர் இதைப் போட்டது?"

"நான்தான். இனிமே திரும்பாதீங்க."

"சத்தம் சரியில்லைன்னா?"

"இல்லாமப் போகட்டும். சாதிக் பாடறதைக் கேளுங்க."

அடுத்தது அவருடைய பாட்டு. டிரம்ஸ் தொடங்கிவிட்டது. ஸ்டாண்ட்பையில் போட்ட சுவிட்சைத் திருப்பிப் போட வேண்டும் என்பது வைத்திலிங்கத்துக்கு மறந்தே போனது.

வேறு வழியில்லாமல் சாதிக் பாடுவதைக் கேட்டார். ஒரு மாதம் ஒத்திகை பார்த்த பாட்டு. ஆனாலும் இரண்டாவது அடியில் அவன் குரல் லேசாக இறங்குவதை இப்போதுதான் கவனித்தார். இவ்வளவு நன்றாகப் பாடுவானா இந்தப் பையன் என்று தோன்றியது. சாதிக் நிறுத்தினான். கிடாரின் இடம் வந்தது.

வைத்திலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு தந்தியைத் தொட்டார். முதல் சுரம் வழக்கம்போலக் காணோம்.

வந்தது. பித்தளைக் குடத்தை விரலால் சுண்டினால் எழுமே ஒரு நாதம், அந்த நிறைவோடு வந்தது. விரலை ஒட்டியே, நூலிழை தாமதமாக, யோசித்துப் பேசுகிறவர் பேச்சு மாதிரி வந்தது. இத்தனை வருடம் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே சத்தம்தான். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணோரம் நனைந்ததை மேடையில் யார் பார்த்தால் என்ன என்று விட்டுவிட்டார்.

பாட்டு முடிந்ததும் மண்டபம் கை தட்டியது. சாதிக்கும் தட்டினான். வைத்திலிங்கம் ஓடிப்போய்த் துவாலையை உருவினார். குமிழ்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வைத்துவிட வேண்டும், இனி ஆயுசுக்கும் அவற்றைத் தொடக்கூடாது என்று அவருக்கு அவசரம்.

சுவிட்ச் ஸ்டாண்ட்பையில் இருந்தது.

பக்கத்தில் டீச்சரின் சின்ன, வால்வே இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப். வகுப்புப் பிள்ளைகள் இடித்து இடித்து மூலை நசுங்கிய பெட்டி. அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வைத்திலிங்கம் பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"டீச்சர், வாசிச்சது நீங்களா?"

"ஆமாண்ணே."

"என்னுது ஓடலைன்னு தெரியுமா?"

"நீங்க ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. நிறுத்தச் சொல்லலாம்னு திரும்பினேன். உங்க முகத்தைப் பாத்தேன், சொல்ல மனசு வரல. நானே வாசிச்சுட்டேன்."

வைத்திலிங்கம் கிடாரைத் தோளிலிருந்து இறக்கினார்.

"அவ்வளவுதான் டீச்சர். அந்தச் சத்தம் உங்களுது. எனக்கு வராதுன்னு தெரிஞ்சுபோச்சு. நாளைக்கே வித்துடறேன்."

டீச்சர் தடுக்கவில்லை. தன் கிடாரின் தந்தி ஒன்றை முறுக்கிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, நான் சொல்லிக்குடுத்த மாதிரியா வாசிச்சீங்க?"

"இல்ல. தப்புதான். நடுவுல ஒரு இடத்துல நிறுத்திட்டேன். மறந்துபோய் இல்ல. சாதிக் அப்பத்தானே அப்படிப் பாடி முடிச்சிருந்தான். சும்மா கொஞ்சம் இருக்கணும்போலத் தோணிச்சு. இருந்தேன்."

"ம்."

"அப்புறம் மெதுவா மேல போனேன். அதுவும் நீங்க சொல்லிக்குடுத்தது இல்ல."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். அந்த மௌனத்தை அவர் காதாலும் கேட்டிருந்தார். மெதுவாக மேலே போனதையும் கேட்டிருந்தார்.

"டீச்சர், நான் நிறுத்துன இடத்துலயே நீங்களும் எப்படி நிறுத்துனீங்க?"

"உங்க விரலைப் பாத்துத்தானே வாசிச்சேன். அது நின்னுச்சு, நானும் நின்னேன்."