புகை தெரியாத நாள்

எஸ்தர் அக்கா அன்று சொன்னதைத் தவசி முழுதாக நம்பவில்லை. நம்பாமலே இருந்திருந்தாலும் தேவலை. பாதி நம்பினான். அந்தப் பாதியை வைத்துக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டிவிட்டான்.

மலையேறக் கற்றுக்கொடுக்கும் அக்காவின் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் மாணவர்கள் மட்டும் தனியாக இறங்க வேண்டும். அடிவாரம் சேர்ந்ததும் பச்சை இலையைப் போட்டுப் புகை மூட்ட வேண்டும். உச்சியில் உட்கார்ந்திருக்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

"அதுவரைக்கும் என்னக்கா செய்வீங்க?"

"டீ போட்டுக் குடிப்பேன். உங்க தொல்லை இல்லாம."

மாணவனாக இருந்த தவசி குழுவை நடத்திய அன்று பனிமூட்டம். முன்னால் போகிறவன் முதுகு பின்னால் வருகிறவனுக்குத் தெரியவில்லை. ஓரிடத்தில் ஒரு பாறை. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று ஓடையோரமாக ஊருக்கு. மற்றது பள்ளத்துக்கு.

அங்கே நின்று ஆளாளுக்குச் சண்டை போட்டார்கள். தவசி எல்லோரையும் வாயை மூடச் சொன்னான். ஓடைச் சத்தத்துக்குக் காது கொடுத்தான். பிறகு கைகாட்டினான்.

அடிவாரத்தில் புகை மூட்டினார்கள். மூட்டிய இடத்திலேயே பனி அதை விழுங்கியது.

தணல் ஆறுவதற்குள் அக்கா வந்து நின்றார்.

"புகை தெரிஞ்சுதாக்கா?"

"டீத்தூள் தீந்துபோச்சு. வந்துட்டேன்."

அவர் கைகளில் முள் கிழித்து ரத்தம் கசிந்தது. பாதையில் முள்ளே கிடையாது. முட்புதரெல்லாம் பாதைக்கு வெளியே.

பிறகு தவசியே ஒரு முகாம் தொடங்கினான். அதே மலை. அதே வழக்கம். மாணவர்களை அனுப்பிவிட்டு உச்சியில் உட்கார்ந்து டீ போட்டான். அந்தக் கீறல்கள் ஞாபகம் வரும். முள் எங்கேயும்தான் கிழிக்கும் என்று சொல்லிக்கொள்வான். அக்கா தன்னை நம்பித் தனியாக விட்டார் என்பதைத் தவிர, பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவனிடம் வேறெதுவும் இல்லை.

போன ஐப்பசியில் மறுபடி பனிமூட்டம். புகை வரவில்லை. பனிதான் மறைக்கிறது என்று நினைத்தான். இன்னொரு டீ போட்டான்.

தாமரைக்கனி என்ற மாணவியைப் பள்ளத்திலிருந்து போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லோரையும் ஒரே கயிற்றில் கோத்துத் தானே முன்னால் நடந்தான். பாறை வந்ததும் நின்று, "எந்தப் பக்கம்?" என்று கேட்பான். சிரிப்பார்கள்.

"உங்க முதுகு போற பக்கம் சார்."

இப்போது வந்திருக்கும் குழுவில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு நாங்க தனியா இறங்கட்டுமா சார்?" என்று கேட்டாள்.

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினான்.

அக்காவுக்கு இப்போது முட்டி இரண்டும் போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கேள்விப்பட்டேன்," என்றார். பிறகு, "சாப்ட்டியா?" என்றார்.

"முகாமை மூடிடலாம்னு இருக்கேன்."

"மூடு."

"இல்லேன்னா கயித்துல கட்டியே கூட்டிட்டுப் போறேன்."

"அதுக்கு நாலு ஆடு வாங்கி மேய்."

"அப்ப தனியா அனுப்பணுமா?"

அக்கா கீரைத்தண்டை ஒடித்தார்.

அன்றைக்கு என் பின்னால் வந்தீர்களா என்று கேட்கத்தான் அவன் வந்திருந்தான். வந்தேன் என்றால், தனியாக இறங்கினோம் என்று அவன் இதுவரை நினைத்திருந்தது பொய். வரவில்லை என்றால், அவனும் போர்வையில் வந்திருக்கலாம். எந்தப் பதில் வேண்டும் என்று அவனுக்கே தெரியவில்லை.

அக்கா கையை நீட்டி முறத்தை இழுத்தார். சேலைத் தலைப்பு விலகியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் தழும்புகள். கீறல் மேல் கீறல். ஒரே நாளில் விழுந்தவை அல்ல.

தவசி பார்த்துக்கொண்டே இருந்தான். கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு அந்தப் பாறையில நான் பள்ளத்துப் பக்கம் கை காட்டியிருந்தா, எந்த இடம் வரைக்கும் என்னைப் போக விட்டிருப்பீங்க?"