ஆலாத் தீவுக்கு ஓர் உல்லாசப் பயணம்

கடலோரக் காட்டில் ஒரு நரி இருந்தது. கரைக்கு எதிரே ஒரு மணல் தீவு. அங்கே ஆலா என்னும் கடற்பறவைகள் வெறும் மணலிலேயே முட்டையிடும். அந்த முட்டைகளை நினைத்தாலே நரிக்கு எச்சில் ஊறும். ஆனால் அதற்கு நீந்தவும் தெரியாது, துடுப்புப் போடவும் தெரியாது.

ஒருநாள் கரையொதுங்கிய படகு ஒன்று அதன் கண்ணில் பட்டது. உடனே கரடியையும் குரங்கையும் மயிலையும் தேடி ஓடியது.

"காட்டுக்குள்ளேயே கிடந்தால் எப்படி? வாருங்கள், டால்பின் காட்டுகிறேன், கடற்பறவை காட்டுகிறேன்! உங்களைப் போன்ற ரசிகர்களுக்குத்தான் இதெல்லாம்!"

'ரசிகர்கள்' என்றதும் மூன்றும் உச்சி குளிர்ந்துபோயின.

கரடியும் குரங்கும் துடுப்புப் போட்டன. மயில் முன்னால் அமர்ந்து ரசித்தது. வழியில் டால்பின்கள் துள்ளின.

"இன்னும் கொஞ்சம் உயரமாகத் துள்ளக் கூடாதா?" என்று சலித்துக்கொண்டது மயில்.

ஒரு கடலாமை தலை நீட்டி, "இது குஞ்சு பொரிக்கும் காலம். தீவில் இறங்காதீர்கள்!" என்றது.

"ஆகா! ஆமை எவ்வளவு அழகாகப் பேசுகிறது!" என்று குரங்கு கை தட்டியது. ஆமை என்ன சொன்னது என்று யாரும் யோசிக்கவில்லை.

தீவில் இறங்கியதும் ஆலாக்கள் பதறி எழுந்தன. வானமே வெள்ளையானது.

"மேலே பாருங்கள்! மேலேயே பாருங்கள்!" என்றது நரி. பிறகு குனிந்து முட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்கியது.

ஆலாக்கள் அலறின.

"என்ன இனிமையான பாட்டு!" என்று மயில் கண்களை மூடிக்கொண்டது.

கரடிக்கு மட்டும் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தது. "நரி எதையோ தின்கிறதே?"

"அது நமக்கெதற்கு? காட்சியைக் கெடுக்காதே!" என்றது குரங்கு.

கரடியும் மறுபடி மேலே பார்த்தது.

அப்போது ஆலாக்கள் கூட்டமாகக் கீழே பாய்ந்தன. கூரிய அலகுகள் நாலாபக்கமும் கொத்தின. நரி ஒரே தாவலில் படகில் ஏறி, தீவின் கரையைக் காலால் உந்திப் படகை நகர்த்தியது. துடுப்புப் போடத் தெரியாத அதை நீரோட்டம் நடுக்கடலுக்கு இழுத்துப் போனது. அதன் பிறகு அதைக் கண்டவர் இல்லை.

"எங்களை ஏன் கொத்துகிறீர்கள்? நாங்கள் ஒரு முட்டையைக்கூடத் தொடவில்லையே! சும்மா பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்!" என்று மயில் கதறியது.

"அதற்குத்தான்!" என்றது ஒரு தாய் ஆலா. இன்னும் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தியது.

மற்ற இரண்டையும் முதுகில் சுமந்துகொண்டு கரடி நீந்தியது. கரை சேரும்வரை ஆலாக்களின் கொத்து ஓயவில்லை.

கண்ணெதிரே நடக்கும் கொடுமையை வேடிக்கை பார்த்து நிற்பவன், அந்தக் கொடுமைக்குத் துணை போனவனே ஆவான்.