பெயர் எழுதாத குறிப்புகள்

உலகம்மையிடம் பாடம் கேட்டவர்களில் வயதில் மூத்தவர் பேச்சிமுத்து. அவருக்கு அறுபத்து நான்கு, அவளுக்கு முப்பத்தெட்டு. அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அரிசி ஆலைக்கு மேலே இருந்த அறையில் அவள் கற்றுத் தந்தது ஒன்றே ஒன்று: எழுதிய குறிப்பைத் தொலைக்காமல் இருப்பது. கணினியில் ஆளுக்கு ஒரு விக்கி. ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தின் அடியில் ஒரு டேக். மூட்டையில் கட்டும் அட்டை மாதிரி, உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லும். ஒரே டேக் உள்ள பக்கங்களை வரவழைக்க மேக்ரோ என்று ஒரு வரி உண்டு. அதை எழுதிவிட்டால் போதும், எல்லாம் தேதிப்படி வந்து வரிசையில் நிற்கும்.

பேச்சிமுத்து ஐந்தாவது வரை படித்தவர். நாற்பது வருஷம் கிணற்று மோட்டார் பார்த்தவர். தம் பழைய நோட்டுகளை எல்லாம் ஆறு மாதம் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, அந்தந்தப் பழைய தேதியோடு விக்கியில் ஏற்றியிருந்தார். பேரிங் என்று கேட்டால், அவர் பார்த்ததில் பேரிங் போன மோட்டார் அத்தனையும் வந்து நிற்கும். தம் மனக்குறைகளையும் அதிலேயே எழுதிவைத்தார். ஆறாத மனசுக்குத் தேதி நன்றாக நினைவிருக்கும்.

ஒரு புதன்கிழமை காலை வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"ஞாயித்துக்கிழமை என் தம்பி வாரானாம்மா" என்றார்.

"கொம்பையாவா? பேச்சுவார்த்தை இல்லேன்னீங்களே."

"பதினோரு வருஷமா இல்ல. இப்ப மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வாரானாம். ஆள்விட்டுச் சொல்லியிருக்கான்."

"சரி."

"வரட்டும். உக்கார வச்சு, அவன் எனக்குச் செஞ்சதை ஒண்ணு விடாம வாசிச்சுக் காட்டணும். வாசிச்சு முடிச்சுப் பத்திரிகையை அவன் கையிலேயே திருப்பிக் குடுத்துரணும். அதோட சோலி முடிஞ்சுது."

"நான் என்ன செய்யணும்?"

"குறிப்பு எல்லாம் செதறிக் கெடக்கு. ஒண்ணுல துரோகம்னு டேக் போட்டிருக்கேன், ஒண்ணுல அவமானம்னு. இன்னொண்ணுல சும்மா கோவம்னு. எல்லாத்தையும் எப்படிம்மா ஓரிடத்துக்குக் கொண்டாரது?"

உலகம்மை வேண்டாம் என்று சொல்லுவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அதற்குப் பதிலும் கொண்டுவந்திருந்தார். அவள் சொல்லவில்லை.

"கோவத்துக்கு டேக் போட்டா நிக்காது அண்ணாச்சி. ஆளுக்குப் போடுங்க" என்றாள்.

"கொம்பையான்னா?"

"உங்களுக்கு அவர் என்ன முறை?"

"தம்பி. கூடப் பொறந்துட்டான், என்ன செய்ய."

"அப்ப அதைத்தான் போடணும். அவர் இருக்கிற பக்கம் ஒண்ணையும் விடாதீங்க."

பேச்சிமுத்து 'ஞாயிற்றுக்கிழமை' என்று புதுப் பக்கம் ஒன்று திறந்து, மேக்ரோவை எழுதிவைத்தார். பிறகு விக்கி முழுக்க கொம்பையா என்று தேடினார். இருபத்து மூன்று பக்கம் அகப்பட்டது. ஒவ்வொன்றிலும் 'தம்பி' என்று டேக் போட்டார். வரிசை வந்து நின்றது. மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். அம்மாவுக்கு முடியாமல் போனபோது சொல்லி அனுப்பாதது. கல்யாண மண்டபத்து வேலையை முதுகுக்குப் பின்னால் போய் வாங்கியது. ஊர்க் கூட்டத்தில் 'கிழட்டு மெக்கானிக்' என்றது. வாசிக்க வாசிக்க அவர் முகம் தெளிந்தது.

"எல்லாம் வந்துட்டா?" என்று கேட்டாள் உலகம்மை.

"வந்துட்டு. இருபத்து மூணு."

"ரெண்டு பேரும் ஒரே மோட்டார் கடையில எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"பத்தொம்பது."

"பத்தொம்பது வருஷத்துக்கு இவ்வளவுதானா? எங்கேயோ விட்டுப்போயிருக்கும். தள்ளுங்க, பாப்போம்."

அவள் மோட்டார் பக்கங்களில் ஒன்றைத் திறந்தாள். புளியங்காட்டுக் கிணறு. சத்தமாக வாசித்தாள்.

"'மோட்டாரை மேலே தூக்கும்போது கயிறு அறுந்தது. நான் உள்ளே இருந்தேன். தண்ணீர் ஆழம். எனக்குத் தலையில் அடி. ஒருத்தன் மேலேயிருந்து குதித்து என் முடியைப் பிடித்துத் தூக்கினான். குழாய் அடியில் புட்வால்வு மாற்றியது.'"

வாசித்துவிட்டுத் திரும்பினாள்.

"யாரு அண்ணாச்சி இந்த ஒருத்தன்?"

"கூட வேலைக்கு வந்தவன்."

"பேரு?"

"பழைய நோட்டுல எழுதியிருக்கும்."

"நோட்டுல இருக்கிறதைத்தானே இதுல ஏத்தினீங்க?"

பேச்சிமுத்து ஜன்னலைப் பார்த்தார். கீழே ஆலை ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஏத்தும்போது விரல் போகலைம்மா" என்றார். "புட்வால்வு வரைக்கும் எழுதினேன். அந்தப் பேரு மட்டும் வரலை."

உலகம்மை வேறொரு பக்கத்தைத் திறந்தாள். அது அவருடைய வரிசையில் இருந்த பக்கம்தான். அதையும் வாசித்தாள்.

"'கடைப் பலகையில் இருந்த என் பெயர்மேல் கொம்பையா வெள்ளைப் பெயிண்ட் அடித்தான். இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.'"

பிறகு மூக்கைச் சுருக்கினாள்.

"கிணத்துப் பக்கத்துலயும் பெயிண்ட் வாடை அடிக்குதே, அண்ணாச்சி."

பேச்சிமுத்துவுக்கு முகம் கறுத்தது.

"நீங்க அவன் கட்சியாம்மா?"

"நான் மேக்ரோ கட்சி. டேக் இல்லாத பக்கம் அதுக்கு வராது. பேரு இல்லாத பக்கம் தேடினாலும் கெடைக்காது. உக்காந்து தேடுங்க."

"என்னத்தைன்னு தேட?"

"ஒருத்தன்னு தேடுங்க."

அவர் எழுந்து வாசல் வரைக்கும் போனார். செருப்பில் ஒரு காலை நுழைத்தார். உலகம்மை கூப்பிடவில்லை. வேறொருவருடைய விக்கியைத் திறந்து வேலை பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் காலை உருவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஒருத்தன் என்று முப்பத்தொரு பக்கத்தில் இருந்தது.

ஒவ்வொன்றாகத் திறந்தார். கை வெந்துபோனபோது ஒருத்தன் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்திருந்தான். காய்ச்சலில் அவர் படுத்த வாரம் ஒருத்தன் தனியாக ஏழு மோட்டார் பார்த்திருந்தான். ஒருத்தன் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்து, "நீ தின்னு, நான் தின்னுட்டேன்" என்றிருந்தான். அதன் கீழே, பொய், அவன் தின்னவில்லை, என்று பேச்சிமுத்து அப்போதே எழுதியிருந்தார். பழைய நோட்டில் இருந்த அந்த வரியை ஏற்றும்போது விட்டுவிடாமல் ஏற்றியும் இருந்தார்.

"இது வேற ஆளு" என்று நடுவில் ஒரு தடவை சொன்னார்.

"அப்ப விட்டுருங்க."

நான்கு பக்கத்தை அப்படி விட்டார். இருபத்தேழு பக்கத்தில் 'தம்பி' என்று டேக் போட்டார். ஒருத்தன் என்ற சொல்லை எதிலும் மாற்றவில்லை. முடிக்கும்போது ஆலையில் மத்தியானச் சங்கு ஊதினார்கள்.

'ஞாயிற்றுக்கிழமை' பக்கத்துக்குப் போனார். வரிசை நீண்டிருந்தது. மண்டபத்து வேலைக்குப் பத்து நாள் முன்னால் புளியங்காட்டுக் கிணறு. கடைப் பலகைக்கு மேலே தூக்குச் சட்டி.

"எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துட்டே" என்றார்.

"மேக்ரோவுக்குத் தேதிதான் தெரியும்."

"வேண்டாததைக் கழிக்க முடியுமாம்மா?"

"முடியும். மோட்டார்னு டேக் இருக்கிறதை விட்டுருன்னு கடைசியில ஒரு சொல் சேக்கணும். பழையபடி இருபத்து மூணாயிரும்."

அவள் அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதி விசைப்பலகை அருகில் வைத்தாள். பேச்சிமுத்துவின் விரல் எழுத்துகளுக்கு மேலே நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதை எப்படிம்மா அவனுக்கு வாசிச்சுக் காட்டுறது?"

"மேலேயிருந்து."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வாய் கொஞ்சம் கோணியது. விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினார்.

"இருபத்து மூணும் இருபத்தேழும் அம்பது. இதுல அம்பத்தொண்ணு நிக்குது. தப்பு இருக்கும்மா."

உலகம்மை எட்டிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில், அன்றைய தேதியில், 'ஞாயிற்றுக்கிழமை' என்று இருந்தது.

"இந்தப் பக்கமேதான் அது. காலையில திறந்த கையோட இதுக்கும் தம்பின்னு டேக் போட்டிருக்கீங்க. அப்பமே வந்து நின்னுட்டு. நீங்க அடிவரைக்கும் வாசிக்கலை."

"பழக்கத்துல போட்டுட்டேன். எடுத்துரட்டா?"

"தம்பி வர்ற நாள்தானே அது?"

"ஆமா."

"அப்ப இருக்கட்டும்."

பேச்சிமுத்து அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எதோட சேக்கிறதும்மா? பெயிண்ட் பக்கத்தோடயா, கிணத்துப் பக்கத்தோடயா?"

"அதுல நீங்க இன்னும் ஒண்ணும் எழுதலையே, அண்ணாச்சி."