கொடுவா பிடிக்கப் போன பேராசிரியர்கள்

"குருவே, சாகுல் வியாழக்கிழமை மஸ்கட் போறான். மகளோட அங்கேயே இருக்கப் போறானாம். இனி வரமாட்டான். நாலு வருஷமா என்கூடப் பேசல. நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியல. என்ன செய்யட்டும்?"

கேட்டவர் நன்மாறன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவர். வயது ஐம்பத்திமூன்று.

கேட்கப்பட்டவர் பிரிட்டோ. வயதில் நன்மாறனைவிடச் சின்னவர். புன்னக்காயல் கழிமுகத்தில் வள்ளம் வைத்திருக்கிறார். கப்பல் வேலைக்குப் போன இடத்தில், எந்த நாட்டிலோ, இறகில் ஈ கட்டி மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தவர். வருகிறவர்களுக்கு அதைச் சொல்லித்தருகிறார். குரு என்று முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். கிண்டல் போய்விட்டது, குரு நிலைத்துவிட்டது.

பிரிட்டோ யோசிக்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை வாரும்வே. கொடுவா மீனு பிடிக்கப் போவோம்."

"குருவே, நான் கேட்டது..."

"தொப்பி கொண்டாரும். வெயில் காந்தும்."

நன்மாறன் குழம்பிப்போய் வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால், வள்ளத்தில் சாகுல் உட்கார்ந்திருக்கிறார்.

சாகுலும் தமிழ்ப் பேராசிரியர். அதே கல்லூரி, அதே துறை. முப்பது வருஷச் சிநேகம். நன்மாறனை முதன்முதலில் பிரிட்டோவிடம் கூட்டிவந்ததே அவர்தான்.

இரண்டு பேருமே தமிழ்ப் பேராசிரியர்கள். அதுவே பாதிப் பிரச்சினை. மீதியைச் சொல்கிறேன்.

"அவரும் வாராருன்னு நீங்க சொல்லலியே?" என்றார் சாகுல், கடலைப் பார்த்து.

"நீரு கேக்கலியே," என்றார் பிரிட்டோ.

வள்ளம் அலையாத்தி மரங்களுக்கு நடுவே போனது. பிரிட்டோ கழியை ஊன்றித் தள்ளினார்.

"தூண்டில் கம்பு எத்தன இருக்கு?" நன்மாறன் கேட்டார்.

"ஒண்ணு."

"மூணு பேருக்கா?"

"ரெண்டு பேருக்கு. நான் தள்ளுதேன்லா."

உப்புத்தண்ணீரில் ஏது ஈ என்று கேட்காதீர்கள். கோழி இறகை முள்ளில் வைத்து நூலால் சுற்றி, இறால் மாதிரியோ குஞ்சுமீன் மாதிரியோ கட்டுவது. பேர்தான் ஈ. அதற்கு எடையே கிடையாது. கனத்த நூலைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசி வீசித்தான் அதைத் தண்ணீரில் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஒருவர் வீசினால் மற்றவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டும். இல்லாவிட்டால் காது போய்விடும்.

துறைத் தலைவர் குனிந்து உட்கார்ந்தார். வேறு வழி?

சாகுல் வீசினார். மீன் இல்லை. நன்மாறன் வீசினார். மீன் இல்லை. கம்பு இவர் கையிலிருந்து பிரிட்டோ கைக்கும், பிரிட்டோ கையிலிருந்து அவர் கைக்கும் போய்வந்தது. நேராகப் போகவில்லை.

ஆனாலும் காலைப்பொழுது நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும். மடவை மீன்கள் சும்மா சும்மா துள்ளின. காற்று முகத்தில் உப்பு தடவியது. ஒருவருக்கும் ஓர் அவசரமும் இல்லை.

சாகுல் வீசிய ஈ, சாகுலின் தொப்பியையே கொத்திக்கொண்டு தண்ணீருக்குப் போனது. நன்மாறன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சாகுலுக்கும் சிரிப்பு வந்தது. உடனே ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாதது ஞாபகம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு சாகுல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். வீட்டில் செய்த தம்மடை, முட்டையும் ரவையும் சேர்த்த இனிப்பு. ஒரு துண்டை எடுத்து பிரிட்டோவிடம், "இத அவருக்கு நீட்டுங்க," என்றார்.

பிரிட்டோ அதை வாங்கித் தானே தின்றார்.

"நல்லாருக்கு," என்றார்.

பிறகு கழியைச் சேற்றில் குத்தி வள்ளத்தைக் கட்டினார். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு பின்பக்கம் மல்லாந்துவிட்டார்.

"குருவே?"

கம்பு சாகுல் கையில் இருந்தது. நன்மாறனின் முறை. நேரம் போனது. வெயில் ஏறியது. இருபது வீச்சு, முப்பது வீச்சு. சாகுல் கம்பைக் கீழே வைக்கிறவராகத் தெரியவில்லை.

நன்மாறன் தொண்டையைச் செருமினார்.

"கம்பைக் கொடு."

சாகுல் சட்டென்று திரும்பினார். வள்ளம் ஆடியது.

"பாத்தியா! இன்னிக்கும் அதே வார்த்தை!"

"எந்த வார்த்தை?"

"கொடு!"

நன்மாறனுக்கு ஒன்றும் புரியவில்லை. "கொடுன்னா... கொடுதான். அதுல என்ன?"

"முப்பது வருஷம் எப்படிக் கேட்ட? 'பேனா தாடா', 'சைக்கிள் தாடா', 'ஒரு வாய் சோறு தாடா'. தலைவர் நாற்காலியில உக்காந்த மொத நாள், அத்தன பேரு முன்னாடி கைய நீட்டிக்கிட்டு என்ன சொன்ன? 'சாகுல், அலமாரிச் சாவியைக் கொடு.' 'தா'வும் போச்சு, 'டா'வும் போச்சு."

தமிழ்ப் பாடத்தை மறந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கேட்பதற்கு மூன்று சொல் உண்டு. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ஈ. சமமானவனிடம் கேட்டால் தா. உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் கொடு. ஊரில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. சாகுல் வருஷாவருஷம் இதைப் பாடம் நடத்தியவர்.

"அதுக்கா?" நன்மாறனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அடப்பாவி, இதுக்கா நாலு வருஷம்? குருவே, கேட்டீங்களா இந்தக் கூத்தை? ஒரு சொல்லு! வாய் தவறி வந்த ஒரு சொல்லு!"

குறட்டை வந்தது.

"வாய் தவறலடா," என்றார் சாகுல். குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்கு உன் முகத்த நான் பாத்தேன்."

அவர் முன்பக்கம் திரும்பி நின்று தண்ணீரைப் பார்த்தார்.

நன்மாறன் மறுக்க வாயெடுத்தார். அந்த நாள் கண்முன்னால் வந்தது. புது நாற்காலி, இஸ்திரி போட்ட சட்டை, சுற்றிலும் இளம் விரிவுரையாளர்கள். சாகுல் நின்றுகொண்டிருந்தார். தான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்ததும் ஞாபகம் வந்தது.

அவருக்கு வெட்கமாக இருந்தது.

தண்ணீர் வள்ளத்தை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

நன்மாறன் பலகையிலிருந்து இறங்கி, வள்ளத்தின் அடியில் மண்டியிட்டார். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார்.

"ஈ," என்றார்.

சாகுல் திரும்பவில்லை. பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து ஈ டப்பாவை எடுத்துத் திறந்தார்.

"எது வேணும்? வெள்ளையா, பச்சையா?"

விரலால் ஒவ்வொரு ஈயாகத் தள்ளிப் பார்த்தார்.

"உன்னத்தான் கேக்குதேன். எந்த ஈ?"

எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார்.

ஏந்திய கை ஏந்தியபடி இருந்தது.

சாகுல் குழப்பத்தோடு கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். விளங்கியபோது டப்பா நழுவி விழுந்தது. இறகெல்லாம் வள்ளம் முழுக்கச் சிதறியது.

"ஏலேய்!" அவர் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கொக்குகள் எழும்பின. "கையக் கீழ போடுடா! எழும்புடா மொதல்ல! என்கிட்டயாடா? 'தா'ன்னு கேளுடா, சவத்து மூதி!"

நன்மாறன் வாயைத் திறந்தார். ஓர் எழுத்துதான். அது வரமாட்டேன் என்றது.

"கேளும்வே," என்றது துண்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

நன்மாறன் கேட்டார்.