வாசலில் கேட்ட ‘எங்கே’

சென்னையில் பேய்மழை என்றார்கள். தூத்துக்குடி விமான நிலையத்துக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதனால் கோமதிநாயகம் அந்த மழையை நம்பவில்லை.

பத்தேகாலுக்குக் கிளம்ப வேண்டிய விமானம். சென்னையிலிருந்து வந்து, இவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். மணி பன்னிரண்டாகியும் வரவில்லை. பலகையில் ‘தாமதம்’ என்ற ஒரு சொல் மட்டும் நின்றது.

ஒரு குருவும் ஆறு சீடர்களும் காத்திருந்தார்கள். மணாலிக்குப் போய்ப் பனி பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய இரண்டு வருட ஆசை. எட்டு நாள் பயணம்.

குருவின் பெயர் செங்கமலம். பாளையங்கோட்டையில் தம் வீட்டு மாடியில் தியானம் சொல்லித் தருகிறவர். வகுப்புக்கு விடுமுறை விட்டது இதுதான் முதல் தடவை. அவருக்கு வயது நாற்பத்திரண்டு. சீடர்களில் மூத்தவரான கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தாறு. அவர் குருவை ‘அம்மா’ என்பார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். இதில் இருவருக்கும் கூச்சம் இல்லை.

கோமதிநாயகம் சர்வேயர். கல் நட்ட இடம் ஒரு சாண் தள்ளியிருந்தாலும் தூக்கம் வராது அவருக்கு. இப்படி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பது அவரால் ஆகவில்லை. மூன்றாவது முறையாகக் கவுண்ட்டருக்குப் போய்விட்டு வந்தார்.

“என்ன சொன்னாங்க அண்ணாச்சி?” என்று கேட்டார் தபால்காரர் பேச்சிமுத்து. அவரும் சீடர்தான்.

“தகவல் வந்ததும் சொல்லுதோம்னு சொல்லுதாங்க.”

“நீங்க போய் முறைச்சுக்கிட்டே நின்னா பிளேன் எப்படி வரும்? பயந்து மதுரையில இறங்கியிருக்கும்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். கோமதிநாயகம் சிரிக்கவில்லை. குருவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இது இப்படித்தான் ஆகும்னு எனக்குக் காலையிலேயே தெரியும்மா.”

“எப்படித் தெரியும்?”

“பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசப்படி இறங்குதேன். எங்க அக்கா பின்னாலேயே வந்து, ‘எங்கய்யா போறே?’ன்னு கேட்டுட்டா.”

குரு அவரைப் பார்த்தார்.

அவர்கள் ஊர்ப் பக்கத்தில் வெளியே கிளம்புகிறவரிடம் ‘எங்கே’ என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் நடக்காது என்பார்கள். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் ‘தூரமா?’ என்பார்கள். கிளம்புகிறவர் விரும்பினால் ஊரைச் சொல்வார். விரும்பாவிட்டால் ‘ஆமா, கொஞ்சம் தூரம்தான்’ என்று சொல்லிவிட்டு நடப்பார்.

“உங்க அக்காவுக்கு அந்த வழக்கம் தெரியாதா?”

“தெரியாமலா? எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான். அம்மா போனப்புறம் என்னை வளர்த்தவ. சின்னப் பிள்ளையில நான் யாரையாவது எங்கன்னு கேட்டா வாயிலேயே ஒண்ணு போடுவா.”

“அப்ப ஏன் இன்னைக்குக் கேட்டாங்க?”

“அதான் எனக்கும் புரியல. அறுபத்தாறு வயசாகுது. புத்தி தடுமாறுதோ என்னவோ.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பதினோரு மணிக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். ‘நீ கேட்ட கேள்வியிலதான் பிளேனே நின்னுபோச்சு. உனக்கு இப்பக் குளிர்ந்துதா?’ன்னு.”

“அக்கா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. ‘சரிய்யா’ன்னு வச்சிட்டா.”

கோமதிநாயகம் தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தார்.

பலகையில் சொல் மாறியிருந்தது. ‘ரத்து’ என்று இருந்தது.

எல்லோரும் எழுந்து கவுண்ட்டருக்கு ஓடினார்கள். கோமதிநாயகம் முதல் ஆளாய்ப் போய் நின்றார். அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சென்னையில் ஓடுபாதை முழுக்கத் தண்ணீர் என்றும், நாளைக் காலை விமானத்தில் எல்லோருக்கும் இடம் தருவதாகவும் சொன்னாள்.

“மழை பெய்யும், தண்ணி நிக்கும். அதை நான் கேக்கலம்மா,” என்றார் கோமதிநாயகம். “ஒன்பது மணியிலேருந்து இங்க உக்காந்திருக்கோம். எப்ப வரும், வருமா வராதா, ஒண்ணு சொன்னீங்களா? ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாங்க என்ன மூட்டையா, இறக்கி வச்ச இடத்துல கிடக்கதுக்கு?”

அந்தப் பெண் கண் கலங்க நின்றாள். “எனக்கே இப்பத்தான் சார் சொன்னாங்க,” என்றாள்.

அவர் திரும்பினார். பின்னால் குரு நின்றிருந்தார்.

பெட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். ஒரு வேப்பமரத்து நிழலில் குரு உட்கார்ந்தார். பேச்சிமுத்து வேன் பிடிக்கப் போனார். கூடவே மற்றவர்களும் போனார்கள்.

“பசிக்குது அண்ணாச்சி. சாப்பிட ஏதாவது இருக்கா?”

“அக்கா ஒரு பை தந்தா. சாப்பாடாத்தான் இருக்கும். நான் பிரிச்சே பார்க்கல.”

“பிரிங்க.”

மஞ்சள் துணிப்பை. மேலே வாழையிலையில் கட்டிய புளிச்சோறு இரண்டு பொட்டலம். அவற்றை எடுத்து வைத்தபின்பும் பை கனத்தது. குரு கையை விட்டு அடியில் இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

முதலில் ஒரு குரங்குக் குல்லா வந்தது. பீரோவுக்குள் நெடுநாள் கிடந்த அந்துருண்டை வாசம் அதில் இருந்தது.

அடுத்து ஒரு மடக்குக் குடை.

கடைசியாக ஒரு பனையோலை விசிறி. நுனி பிய்ந்துவிடாமல் இருக்க, சுற்றிலும் புதுத் துணி வைத்துத் தைத்திருந்தது.

குரு மூன்றையும் மரத்தடியில் வரிசையாக வைத்தார். கோமதிநாயகம் விசிறியைக் கையில் எடுத்தார்.

“பார்த்தீங்களா அம்மா. பனி பார்க்கப் போறவனுக்கு விசிறி கட்டிக் குடுத்திருக்கா. புத்தி தடுமாறுதுன்னு சொன்னேனே.”

“பனி பார்க்கப் போறீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

கோமதிநாயகம் விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சொல்லல,” என்றார்.

குரு ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்.

“வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். ஊர் பேரைச் சொன்னா நானும் வாரேன்னு சொல்லிருவாளோன்னு ஒரு பயம். முழங்கால் வலி. கூட்டிட்டுப் போக முடியாது. முடியாதுன்னு அவ முகத்தைப் பார்த்துச் சொல்லவும் எனக்கு ஏலாது. எட்டு நாள் வெளியூர் போறேன்னு மட்டும் சொன்னேன். டிக்கெட் எடுத்து மூணு மாசம் ஆச்சு. பெட்டியைக்கூடக் கட்டிலுக்கு அடியில வச்சுத்தான் அடுக்கினேன்.”

“அவங்க கேக்கவே இல்லையா?”

“ரெண்டு மூணு தடவை, ‘தூரமாய்யா?’ன்னு கேட்டா. ஆமான்னேன்.”

கோமதிநாயகம் விசிறியை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு காகம் வந்து சோற்றுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் அதை விரட்டவில்லை.

சிறிது நேரம் கழித்துச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். முதல் மணியிலேயே மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

“பிளேன் வந்துட்டாய்யா?”

“இல்லக்கா. இன்னைக்கு இல்லன்னுட்டாங்க. நாளைக்குக் காலையிலதான்.”

மறுமுனையில் குக்கர் விசில் அடிப்பது மட்டும் கேட்டது.

“அக்கா.”

“நான் கேட்டிருக்கக் கூடாதுய்யா. வாசல் வரைக்கும் வாயை அடக்கிக்கிட்டுத்தான் வந்தேன். நீ படியில காலை வச்சதும் மனசு கேக்கல. கேள்வி வாயில வந்துட்டு.”

“அதில்லக்கா.”

“நாளைக்கு நீ கிளம்பும்போது நான் முன்னால வரமாட்டேன். அடுப்படியிலேயே இருந்துக்கிடுதேன். நீ நல்லபடியாப் போயிட்டு வா.”

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா, “ராத்திரிக்கு இட்லி ஊத்தவா?” என்றாள். “ஊத்துக்கா,” என்றார். போன் அணைந்தது.

தூரத்தில் வேன் வருவது தெரிந்தது. முன்சீட்டிலிருந்து பேச்சிமுத்து கையாட்டினார்.

குரு குல்லாவை மடித்துப் பைக்குள் வைத்தார். குடையை வைத்தார். விசிறிக்காகக் கையை நீட்டினார். கோமதிநாயகம் அதைத் தரவில்லை.

“இன்னும் ஒரு மணி நேரத்துல வீட்டுக்குப் போயிருவேன். அவ கதவைத் திறப்பா. ‘வாய்யா’ம்பா. தண்ணி கொண்டாந்து வைப்பா. ஒண்ணுமே நடக்காத மாதிரி இருப்பா.” விசிறியின் தைத்த ஓரத்தை விரலால் தடவினார். “அவ முன்னால போய் நின்னு நான் என்னம்மா சொல்ல?”

குரு எழுந்து புடவையில் ஒட்டியிருந்த வேப்பஞ்சருகைத் தட்டிவிட்டார்.

“காலையில அவங்க ஒண்ணு கேட்டாங்களே அண்ணாச்சி,” என்றார். “அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலியே.”